அப்பப்பாவின் கிணற்றில் இரண்டு முழம்

என்னோடு ஒரே காலத்தில் பால்பல் விழுந்து முளைத்து, இப்போது மறுபடியும் பல் விழத் தொடங்கியிருக்கிறவர்களுக்கு இதைச் சொல்கிறேன். சின்னவர்கள் கேட்டால் கேட்கட்டும். அவர்களுக்கு வாசலிலேயே குழாய் இருக்கிறது. திருகினால் தண்ணீர் வருகிறது, வராவிட்டால் யாருக்கோ போன் எடுத்து ஏசுகிறார்கள். நாங்கள் தண்ணீரை நினைத்து வாயைப் பிளந்துகொண்டு நின்ற பிள்ளைகள். மன்னார்த் தீவில் பிறந்தவர்களுக்கு அது அதிசயம்தானே. வடக்கே கடல், தெற்கே கடல், நடுவில் ஒரு நீட்டு மணல் திட்டு. அந்த மணலை ஒன்றரை ஆள் ஆழத்துக்குத் தோண்டினால் உள்ளே இனிப்பான தண்ணீர் இருக்கிறது. உப்புக்கு நடுவில் அதை யார் கொண்டுவந்து வைத்தது? ஞானோபதேச வகுப்பில் இதைக் கேட்டு ஒரு குட்டு வாங்கியிருக்கிறேன். பதில் மட்டும் கிடைக்கவில்லை.

அப்பப்பா செத்துப்போன சோளகக் காலத்தைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். எனக்கு அப்போது ஒன்பது வயது. சோளகம் என்றால் தெரியுமே, தென்மேற்கிலிருந்து காற்று அடித்து அடித்துச் சோற்றுக் கோப்பைக்குள்ளும் மண்ணை வாரிப் போடும். மழை என்ற சொல்லே மறந்துபோகும்.

அப்பப்பா கரைவலைக்காரர். வலைக்கயிறு இழுத்து இழுத்து அவருடைய உள்ளங்கைகள் மரப்பட்டை மாதிரி ஆகியிருந்தன. என் முகத்தைக் கழுவிவிட்டால் நான் ஊரைக் கூட்டுவேன். அதனால் புறங்கையால் கழுவிவிடுவார். இந்த உலகத்தில் என்னைப் புறங்கையால் தொட்டு வளர்த்தவர் அவர் ஒருவர்தான். இதை எழுதும்போதும் கன்னத்தில் அந்தக் குளிர்ச்சி தெரிகிறது.

ஆனால் ஊர் அவரை மதித்தது மீனுக்காக இல்லை, கிணற்றுக்காக. வேறு ஊர்களில் எங்கே தோண்டலாம் என்று சொல்ல ஆள் கூப்பிடுவார்களாம். எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் எங்கே தோண்டினாலும் தண்ணீர்தான். எங்கே நிறுத்துவது என்று சொல்லத்தான் ஆள் வேண்டும். அந்த ஆள் அப்பப்பா. பாதி வெட்டிய குழிக்குள் இறங்கி, ஈர மணலை ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "போதும், ஏறுங்கோ" என்பார். அவ்வளவுதான். இன்னும் ஒரு முழம் வெட்டினால் என்ன என்று யாராவது கேட்டால் பதில் சொல்லமாட்டார். அந்தக் குழிக்குள்ளேயே சப்பாணி கட்டி உட்கார்ந்துவிடுவார். ஒருமுறை, வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டியார் வீட்டில் பொழுது சாயும்வரை அப்படி இருந்தாராம். பசிக்குமே என்று கடகத்தில் சோறு வைத்துக் கயிற்றில் இறக்கினார்கள். அதையும் சாப்பிட்டுவிட்டு அங்கேயே இருந்தாராம். சம்மாட்டியார் கடைசியில், "சரி ஐயா, நீங்கள் வெண்டிட்டியள்" என்று மண்வெட்டியைத் தூரப் போட்ட பிறகுதான் மேலே ஏறினார்.

எங்கள் வளவுக் கிணறு அவர் தன் கையால் வெட்டியது. ஒழுங்கை என்கிற எங்கள் ஒடுங்கின தெருவில் பதினைந்து வீடுகள் அதில்தான் குடித்தன. காலையில் வீட்டுக்கு நாலு பட்டை, மாலையில் நாலு பட்டை. பட்டை என்றால் பனையோலையில் கட்டிய வாளி, நம் பேரப்பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள். அதற்குமேல் ஒரு சொட்டும் அள்ள விடமாட்டார். நண்பகலில் யாரும் கிணற்றை எட்டிப் பார்க்கவும் கூடாது. ஒழுங்கைப் பெண்கள் அவருக்கு 'தண்ணிக் கந்தோர்', அதாவது தண்ணீர் அலுவலகம், என்று பட்டம் வைத்திருந்தார்கள். "என்ன, கந்தோர் துறந்தாச்சோ?" என்று கேட்டுக்கொண்டுதான் குடத்தோடு வருவார்கள். அவரும் சிரிப்பார், ஆனால் ஐந்தாவது பட்டை கிடைக்காது. என் அப்பாவுக்கு இது வெட்கமாக இருந்தது. தண்ணீரில் கஞ்சத்தனம் பிடிக்கிற மனுசன் என்று தன் தகப்பனைப் பற்றி அம்மாவிடம் முணுமுணுப்பார்.

அப்பப்பா ஒரு பின்னேரம் கடற்கரையில், சுருட்டி வைத்த வலைக்கயிற்றில் சாய்ந்தபடி செத்துப்போனார். நித்திரை என்று நினைத்து, மற்றவர்கள் ஒரு வலை முழுவதையும் இழுத்து முடித்துவிட்டு, மீன் பங்கு கேட்கத்தான் எழுப்பினார்களாம்.

அடுத்தநாள் நடந்ததை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். விடியவே சனம் வரத் தொடங்கியது. பேசாலைப் பக்கமிருந்து வந்தார்கள், தலைமன்னார்ப் பக்கமிருந்து வந்தார்கள், எனக்குப் பேர் தெரியாத குடியிருப்புகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். ஒருவர் கையிலும் பூ இல்லை, எல்லார் கையிலும் தண்ணீர். செத்த வீட்டில் கூட்டம் கூடும், சோளகத்தில் தண்ணீர் போதாது என்று, அப்பப்பா நிறுத்தச் சொன்ன கிணறுகளிலிருந்து அவரவர் அள்ளிக்கொண்டு வந்திருந்தார்கள். யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. மண்குடம், பித்தளைக் குடம், அலுமினியத் தேக்சா, மண்ணெண்ணெய்த் தகரம், ஒரு கிழவர் கையில் சாராயப் போத்தல் நிறையத் தண்ணீர். அடுத்த ஊர்ப் பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற மோதினார் ஒரு பெரிய செப்புக் குடத்தைத் தன் தலையிலேயே சுமந்துகொண்டு வந்தார். அவரும் அப்பப்பாவும் ஒரே வயது. படலைக்கு வெளியே குடத்தை இறக்கி வைத்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, அழுதார்.

முற்றத்தில் கால் வைக்க இடமில்லை. நான் ஒரு சிரட்டையோடு குடம் குடமாய்ப் போய் ஒவ்வொரு வாய் குடித்துப் பார்த்தேன். ஒன்று இளநீர் மாதிரி. ஒன்றில் வேர் மணம். ஒன்று நாக்கில் பட்டதும் குளிர்ந்து காணாமல் போனது. எதிலும் உப்பில்லை. இத்தனை வாய்க்கும் இவர்தான் காரணமா என்று திரும்பிப் பார்த்தேன். மண்டபத்தில், கையில் செபமாலையோடு, மூக்கில் பஞ்சோடு, ஒன்றும் தெரியாதவர்போல் படுத்திருந்தார். எனக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. கோயிலில் கூட எனக்கு அப்படி வந்ததில்லை.

சேமக்காலையில் அடக்கம் முடிந்து எட்டாம் நாள் பூசையும் போனபிறகு, பெரியப்பா பேச்சை எடுத்தார். பெரியப்பா நறுவிலிக்குளத்தில் கலியாணம் முடித்து, பெருநிலத்தில் கமம் செய்கிறவர். கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரில் நெல் விளைவித்துப் பழகியதால் குரலே கொஞ்சம் செழிப்பாக இருக்கும்.

"தம்பி, சனம் எங்களுக்குத் தண்ணி கொண்டுவந்து தந்தது. முப்பத்தோராம் நாளுக்கு நாங்கள் ஊருக்கே சோறு குடுக்கவேணும். வந்த சனம் எங்கட கிணத்துத் தண்ணியிலதான் குளிச்சு, குடிச்சு, சாப்பிட்டுப் போகவேணும்."

"இந்தக் கிணத்திலயோ அண்ணை? வீட்டுக்கு நாலு பட்டை அள்ளினாலே இறங்கிப்போகும்."

"இறங்காம என்ன செய்யும்? ஐயா பாதியில விட்டிட்டார். எங்கட பக்கம் பார், பத்தாள் ஆழம் தோண்டுவம். ஆழம் போகப் போகத்தான் தண்ணி. இரண்டு முழம் இறக்கிப் பாப்பம்."

அப்பா கொஞ்சம் தயங்கினார். இறங்குதுறையில் வேலை செய்கிறவர், கிணற்றைப் பற்றி அப்பப்பாவிடம் ஒருநாளும் இருந்து கேட்டதில்லை. "ஐயா இருந்தா விடமாட்டார்" என்றார்.

"ஐயாவின்ர பேருக்குத்தானே செய்யிறம்" என்றார் பெரியப்பா. செத்தவர் பேரைச் சொன்னால் எங்கள் சனம் எதையும் செய்யும்.

முப்பத்தோராம் நாளுக்கு மூன்று நாள் முன்பு இறங்கினார்கள். தண்ணீரை இறைத்துப் பார்த்தால் அடியில் மணல் இல்லை. தட்டையான முருகைக்கற்களை, கடலடிப் பவளக் கற்களை, ஒன்றோடொன்று பொருத்திக் கோயில் தளம் போலப் பரப்பியிருந்தது. பெரியப்பா உள்ளே இருந்து கத்தியது எனக்கு இன்னும் கேட்கிறது. "அடேய், இதுக்குத்தான் தண்ணி இல்லை! மனுசன் ஊற்றுக்கண்ணை அடைச்செல்லோ வைச்சிருக்கிறார்!"

வயது போனால் இப்படித்தான் என்று மேலே நின்றவர்கள் தலையாட்டினார்கள். கற்கள் ஒவ்வொன்றாய்க் கடகத்தில் மேலே வந்தன. கடல்பூ மாதிரி துளைத்துளையாய், வெள்ளை வெளேரென்று அழகான கற்கள். நாங்கள் பிள்ளைகள் அதற்கு அடிபட்டோம். நான் ஐந்து கல் எடுத்து என் பொம்மைகளுக்கு ஒரு கோயில் கட்டினேன். கற்கள் போனபிறகு மண்வெட்டி வேகமாக இறங்கியது. இரண்டு முழம். தண்ணீர் சளசளவென்று முழங்காலுக்கு வந்தது, இடுப்புக்கு வந்தது. பெரியப்பா நனைந்த தாடியோடு மேலே ஏறிவந்து அப்பாவைக் கட்டிப்பிடித்தார். "செத்தும் ஊருக்குத் தண்ணி குடுக்கிறார்" என்று எதிர்வீட்டு மாமி கையெடுத்துக் கும்பிட்டாள். அன்றைக்கும் அடுத்த நாளும் விடிய விடிய இறைத்தார்கள். தகரப் பீப்பாய்கள் நிரம்பின. ஒழுங்கைப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல்தடவையாக நண்பகலில் கிணற்றுத் தண்ணீரில் குளித்தோம். நான் கூத்தாடினேன். அப்பப்பாவை நினைத்து அழவேண்டிய மாதத்தில், அவருடைய சட்டம் ஒழிந்த சந்தோசத்தில் கூத்தாடினேன்.

முப்பத்தோராம் நாள் விடிய, அப்போதுதான் கிணற்றில் அள்ளிய தண்ணீரில் அவித்த பருப்பை அம்மா இறக்கி ருசி பார்த்தாள். பிறகு மறுபடியும் பார்த்தாள். பக்கத்தில் நின்றவளிடம் கேட்டாள், "நீ உப்புப் போட்டனியே?"

"இல்லை அக்கா. நீங்களெல்லோ போடவேண்டாம் எண்டனீங்கள்."

அம்மாவின் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அவள் கிணற்றடிக்குப் போய் ஒரு பட்டை அள்ளி வாயில் வைத்தாள். துப்பவில்லை. விழுங்கிவிட்டு அப்பாவைத் தேடிப் போனாள்.

அதற்குள் பூசை முடிந்து சனம் வந்துவிட்டது. பூசை வைத்த சுவாமியார் கதிரையில் இருந்தார். பீப்பாய்த் தண்ணீர் மற்றச் சமையலுக்கே முடிந்துபோனதால் பால் விடாத தேத்தண்ணீரைக் கிணற்றுத் தண்ணீரில்தான் ஊற்றியிருந்தார்கள். தட்டத்தை என் கையில் தந்துவிட்டார்கள், இனி என்ன செய்வது? நான் கொண்டுபோய் நீட்டினேன். சுவாமியார் ஒரு மிடறு குடித்தார். கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்த்தார். பிறகு கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டு, "நல்லது பிள்ளை" என்று கோப்பையை வைத்தார். அடுத்தவர் குடித்தார், அவருடைய கையும் நின்றது, அவரும் முழுவதையும் குடித்தார். முற்றத்தில் நூறு பேருக்குமேல் இருந்திருப்பார்கள். ஒருவர் முகம் சுளிக்கவில்லை. ஒருவர் மிச்சம் வைக்கவில்லை. ஒரு குழந்தை "உப்பு..." என்று தொடங்க, தாய் அதன் வாயைப் பொத்தினாள். அப்பப்பாவின் நாளில், அப்பப்பாவின் வீட்டில், அந்தச் சனம் உப்புத் தேத்தண்ணீரைத் தேன்போலக் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டது. மரியாதை என்பதை நான் கண்ணால் கண்டது அன்றைக்குத்தான். அப்பா குசினிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருக்கு அது அடி விழுவதைவிட வலித்திருக்கும்.

சனம் கலைந்த பிறகு மோதினார் மட்டும் போகவில்லை. கிணற்றடிக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

"தம்பிமார், கல்லக் கிளப்பிட்டியளா?"

பெரியப்பா தலையைக் குனிந்துகொண்டு, "ஓம், நானா" என்றார். முஸ்லிம் பெரியவர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம்.

"எங்கட மண்ணுல மேல நிக்கிறது மழைத்தண்ணி, கீழ கிடக்கிறது கடல்தண்ணி. எண்ணெய் தண்ணிக்கு மேல நிக்குமே, அந்த மாதிரி. நடுவில பலகையா போட்டிருக்கு? கூடத் தோண்டினாலும் கூட அள்ளினாலும் கீழால கடல் ஏறிரும்." பிறகு, "உங்கட வாப்பாவும் இதே வேலையைச் செஞ்ச ஆள்தான்" என்றார்.

அப்பா நிமிர்ந்து பார்த்தார்.

"பின்வளவில ஒரு குழி கிடக்கே, நீங்க மீன்செதில் கொட்டுற குழி. அது உங்கட பாட்டன்ர கிணறு. இந்த ஒழுங்கை முழுக்க அதிலதான் குடிச்சது. உங்கட வாப்பாக்கு அப்ப இருவது வயசு. தென்னம்பிள்ளைக்கு இறைக்க எண்டு தோண்டினார். தண்ணி எண்டாத் தண்ணி, அப்பிடி வந்திச்சு. ஊரே மெச்சிச்சு. நாலாம் நாள் உப்பு."

"பிறகு?"

"பிறகென்ன. காவுதடியைத் தோளில வச்சு எங்கட பள்ளிக் கிணத்துல இருந்து வீடு வீடாத் தண்ணி சுமந்தார். ஒரு மைல் வரும். ஒண்டரை வருசம். ஒருத்தரும் சுமக்கச் சொல்லயில்ல. ஒருத்தரும் வேணாம் எண்டும் சொல்லயில்ல. அதுக்குப் பிறகுதான் இந்தக் கிணத்த வெட்டினது, இந்தக் கல்லைப் பரப்பினது. ஏன் எண்டு கேட்டன். 'என்ர கைக்குப் பயந்துதான்' எண்டார்."

அப்பப்பா பிறக்கும்போதே எல்லாம் தெரிந்துகொண்டு பிறந்தவர் என்று நான் நினைத்திருந்தேன். கடவுள் மணலுக்குள் தண்ணீரை வைத்தபோது பக்கத்தில் நின்று பார்த்தவர் என்றுகூட நினைத்திருந்தேன். அவரும் எங்களைப்போலப் பிழைவிட்ட மனுசன் என்று கேட்டதும் அவர் சிறுத்துப் போயிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஒன்றரை வருசம் வெயிலில் நடக்கிற ஓர் இருபது வயதுப் பெடியனை நினைத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ குழிகளுக்குள் இறங்கி, ஒருவருக்கும் காரணம் சொல்லாமல், சிரிப்பையும் பட்டப்பேரையும் வாங்கிக்கொண்டு, பிடிவாதமாக உட்கார்ந்திருந்த மனுசனை நினைத்துப் பார்த்தேன். எனக்கு அவர்மேல் பயம் கலந்த ஒரு பிரியம் வந்தது. இந்த வயதிலும் அது குறையவில்லை.

ஆனால் ஏன் ஒருவருக்கும் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் இந்த வினை வந்திருக்காதே. வெட்கமாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு முன்னால் தகப்பன் பெரியவனாக இருக்கவேண்டும் என்ற எண்ணமாக இருக்கலாம். எங்கள் ஆண்கள் தங்கள் பிழையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவைப்பதைவிடக் கல்லைப் பரப்பிவிட்டுப் போவார்கள். அதுவும் ஒரு பிழைதான் என்று நான் சொல்வேன், அவர் பேத்தி என்ற உரிமையில்.

அடுத்தநாள் அண்ணனும் தம்பியும் கிணற்றுக்குள் இரண்டு முழத்துக்கு மணலைக் கொட்டி நிரப்பினார்கள். அப்பா சாக்கோடு வீடு வீடாய்ப் போய்ப் பிள்ளைகளிடம் கற்களைக் கேட்டு வாங்கினார். என் பொம்மைக் கோயிலும் இடிந்தது. கற்களை மறுபடி பரப்பிவிட்டு, கிணற்றுக்கு மேல் ஓலை போட்டு மூடினார்கள். மழைதான் வந்து உப்பைக் கீழே அமுக்கவேண்டும், அதுவரை தொடக்கூடாது என்று மோதினார் சொல்லியிருந்தார்.

பிறகு அப்பா ஒரு காவுதடி செய்தார். பெரியப்பாவும் விதைப்புக் காலம்வரை நின்று சுமந்தார், பிறகு கமத்தைப் பார்க்கப் போய்விட்டார். அப்பா விடியப் பள்ளிக் கிணற்றுக்குப் போய் வந்துவிட்டு இறங்குதுறைக்குப் போவார். வேலையால் வந்ததும் மறுபடி நடப்பார். பதினைந்து வீட்டுக்கும் ஊற்றிய பிறகுதான் எங்கள் குடத்துக்கு வரும். தோள் புண்ணாகி, பொருக்கு விட்டு, மறுபடி புண்ணாகி, கடைசியில் கறுத்துக் காய்த்துப்போனது.

மாரி வந்தது. சும்மா சொல்லக்கூடாது, நல்ல மழை. தை மாதத்தில் ஒரு காலை அப்பா ஓலையை விலக்கிப் பட்டையை இறக்கினார். தண்ணீர் கண்ணாடி மாதிரித் தெளிந்திருந்தது. அம்மா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள்.

"நீ குடி பிள்ளை" என்று அப்பா என் கையில் வார்த்தார். "என்ர நாக்கு வெத்திலை போட்டுக் கெட்டுப்போச்சு."

குடித்தேன். பழைய கரிப்பு இல்லை. ஆனால் தொண்டையில் இறங்கும்போது, அடிநாக்கில், மெல்லியதாய் உப்பு இருந்தது. நான் அப்பாவின் தோளைப் பார்த்தேன்.

"இனிக்குது அப்பா" என்றேன்.

அம்மா 'மாதாவே' என்று விம்மிவிட்டாள். அப்பா சந்தோசப்படவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு தானும் ஒரு வாய் எடுத்து, வைத்திருந்து, மணலில் துப்பினார்.

"கொஞ்சம் கிடக்குது. இன்னொரு மாரி பாப்பம்."

"இது ஒரு உப்போ?" என்று அம்மா கெஞ்சினாள். "ஒழுங்கைச் சனம் ஒண்டும் சொல்லாது. இதையே சந்தோசமாக் குடிக்குங்கள்."

"ஓம், குடிக்குங்கள்" என்றார் அப்பா. "ஒரு சொல்லுச் சொல்லாமல் குடிக்குங்கள். அதாலதான் குடுக்கக்கூடாது."

அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. அடுத்த மாரிக்கு அந்தக் கிணறு தேறிவிட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கவலைப்படவேண்டாம். ஆனால் அன்றைக்கு எங்களில் ஒருவருக்கும் அது தெரியாது. தேறாமலே போயிருக்கவும் கூடும். அப்பா ஓலையை இழுத்துக் கிணற்றை மூடினார். சுவரோரம் சாத்தியிருந்த காவுதடியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு படலையைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஓர் அப்பப்பா எப்படி உண்டாகிறார் என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது.